வெயில் தணிந்த பிறகு புல்

அன்புள்ள உங்களுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

என் விதைக் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. புதிய மருத்துவமனையின் முன்புறம் முழுக்கப் புல்தரை. அதன் மேலாளர் இந்த வெயிலிலேயே விதைக்கச் சொன்னார். முளைத்ததும் கருகிவிடும், வெயில் தணியட்டும் என்றேன்.

"எதிர்க்கடைக்காரர் நாளைக்கே போட்டுத் தர்றேங்கிறாரேம்மா?"

"தாராளமா போடச் சொல்லுங்க சார். கருகினதும் என்கிட்ட வாங்க. அப்பவும் இதையேதான் சொல்வேன்."

"நீங்க விக்க வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?" என்று சிரித்துவிட்டு வேலையை எனக்கே கொடுத்தார். மரத்தடிக்கு நிழல் தாங்கும் ரகம், நோயாளிகள் நடக்கும் இடத்துக்கு மிதி தாங்கும் ரகம் என்று பேசி முடித்தாயிற்று.

இதில் ஒரு சிக்கல். இங்கே வெயில் தணிவது, நான் ஊருக்கு வருவதாகச் சொன்ன அதே மாதத்தில்தான். விதை முளைத்து வேர் பிடிக்கும்வரை மண் காயவே கூடாது. வேறு ஆளை நம்பி விட்டுவிட்டு வர முடியாது. இந்த ஒரு தரை நன்றாக வந்துவிட்டால் கடை நிமிர்ந்துவிடும். அதனால் இந்தமுறை வரவில்லை. கோபப்படுங்கள், ஆனாலும் வரவில்லை.

சரக்கு லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால், நீங்கள் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது உடம்பில் குத்துகிறது. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் பிடிவாதக்காரி