காலி ஃபிளாப்பியிலும் வைரஸ்

நேற்று மகளின் லேப்டாப்பில் திடீரென்று ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. ஆபத்து, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று கத்தியது. அவள் பதறினாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது அக்கா.

இந்தப் பனியன் ஊரின் ராயபுரத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர், நான் உள்ளூர்க்காரி. ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பிசிறு நூல் வெட்டினோம். உங்கள் வீட்டுக்காரர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்த பிறகு, ஞாயிறுகளில் நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். குழந்தைகள் பனியனுக்கு யானை, ஆந்தை, குடை பிடித்த தவளை என்று மௌஸை உருட்டி உருட்டி வரைவீர்கள். நான் நிறம் சொல்வேன். படங்களை டிசைன் செக்‌ஷனில் காட்டச் சொல்லி மேனேஜர் நாள் குறித்துக் கொடுத்தார். செக்கிங் மேசையை விட்டு நகர நமக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்த நாள் நெருங்கும்போதுதான், படத்துக்குக் கீழே போட அழகான எழுத்துரு வேண்டுமென்று இன்டர்நெட்டில் எதையோ இறக்கினோம். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு புரோகிராமும் கூடவே வந்து உட்கார்ந்தது. நூற்றுக்கணக்கில் வைரஸ் இருக்கிறது, பணம் கட்டினால் நீக்குகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் அழியும் என்றது. படங்களைத் திறக்கவே விடவில்லை.

“ஏனுங்க்கா, வரைஞ்சதெல்லாம் போயிருமுங்களா?” என்று கேட்டேன்.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். “எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுப் புதுசா ஏத்தோணுமுங்க.”

“படத்தையும் சேத்து அழிக்கதுக்கு நீங்க எதுக்கு? அதத்தான இதுவும் சொல்லுது” என்று அவரை அனுப்பிவிட்டீர்கள்.

பிறகு உறை பிரிக்காத புது ஃபிளாப்பி ஒன்றை எடுத்துப் பிரித்தீர்கள். “இதுல ஒண்ணுமே கெடையாது. இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.” உள்ளே போட்டதும், அதிலும் வைரஸ் இருப்பதாக அந்தப் புரோகிராம் அலறியது. நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். “ஏட்டி, இது வைத்தியம் பாக்க வரல. நோவ விக்க வந்திருக்கு!” நாம் சிரித்த சிரிப்பில் உங்கள் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதன்பின் பயம் போய்விட்டது. நான் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வாசிக்க, நீங்கள் மௌஸைப் பிடித்தீர்கள். ‘பாதுகாப்பைத் தொடர்க’ என்ற பட்டன் பெரிதாகப் பச்சையில் இருந்தது. ‘நீக்கு’ ஓரத்தில் மங்கலாக ஒளிந்திருந்தது. நீக்கினோம். திரும்ப ஆன் செய்தால் மறுபடியும் வந்து நின்றது. நீங்கள் அசரவில்லை. பிரவுசிங் சென்டர் பெண்ணிடம் போய், வேண்டாத புரோகிராம்கள் எழாமல் சேஃப் மோடில் திறக்கும் வழியைக் கேட்டு வந்தீர்கள். அதன் ஃபோல்டரையே தேடிப் பிடித்து அழித்தோம். அடுத்த முறை திரை அமைதியாகத் திறந்தது. யானை, ஆந்தை, தவளை எல்லாம் பத்திரமாக இருந்தன. நான்தான் அழுதேன்.

டிசைன் செக்‌ஷனில் தவளையை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் உங்களையும் எடுத்துக்கொண்டார்கள். போன கையோடு எனக்கும் அங்கே ஒரு நாற்காலி கேட்டு வாங்கினீர்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்கள் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தீர்கள். நான் பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிட்டேன். “முழுசா வாசிட்டி. பயங்காட்டுத வரிய மட்டும் வாசிக்காத” என்றீர்கள். முழுதாக வாசித்தேன். வைத்தியத்துக்கு இடமிருந்தது. அதில் கிடைத்த மாதங்களில் உங்கள் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

பெருமாநல்லூரில் சொந்தமாக ஒரு சின்ன பனியன் பிரிண்டிங் யூனிட் போடப் போகிறேன் அக்கா. இந்த வயதில் எதற்கு, எல்லாம் போய்விடும் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.