அக்கா சம்மதிக்கவில்லை

போப்பொண்டெட்டா
3 மார்ச் 1997

அன்புள்ள மேபல் அக்காவுக்கு,

என் மகள் டோர்கஸுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய சேப்பங்கிழங்கைத்தான் விடாமல் தின்கிறாள்.

அக்கா, நான் வேலை பார்க்கும் எண்ணெய்ப்பனைக் கம்பெனி நம் குடும்பத்துக்குச் சொந்தமான ஹோவேரா காட்டைக் கேட்கிறது. பனை வந்தால் சாலை வரும், ஆஸ்பத்திரி வரும். அங்கே வந்திருந்தபோது காய்ச்சலில் விழுந்த டோர்கஸைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஆற்றைக் கடந்ததை நீ பார்த்தாயே. சித்தப்பாக்கள் சரி என்றுவிட்டார்கள். நீ தலையாட்டினால் போதும். பட்டாம்பூச்சி ஆராய்ச்சியை வேறு காட்டில் செய்யலாமே?

உன் தம்பி
ஆல்பன்

ஹோவேரா
19 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

குழந்தை தேறியது நிம்மதி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்மேடு சும்மா கிடக்கிறதே, அங்கே பனை நடுங்கள் என்று இங்கே வந்த உங்கள் கம்பெனி ஆளிடம் சொன்னேன். "அங்க மண்ணு சரியில்லம்மா" என்றார். இந்த மண் மட்டும் தானாகவா நல்ல மண் ஆயிற்று?

உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சி நம் மாகாணத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதன் புழு ஒரே ஒரு வகைக் கொடியைத்தான் தின்னும். அந்தக் கொடிக்கு ஏற உயர்ந்த மரம் வேண்டும். நேற்று ஒன்று கூட்டை உடைத்து வெளியே வந்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்தாலும் இறக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு காடு எங்கே இருக்கிறது, சொல்.

தலையாட்ட மாட்டேன்.

அக்கா மேபல்

போப்பொண்டெட்டா
8 ஏப்ரல்

அக்கா,

"உங்கக்கா பூச்சிக்கு ஆயா வேல பாக்குறாளாமே?" என்று கேன்டீனில் சிரிக்கிறார்கள். நிலத்தில் பெண்ணுக்கு என்ன பேச்சு என்கிறார்கள் சித்தப்பாக்கள். நீ சம்மதித்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. உனக்கென்று ஓர் அறை இருக்கிறது.

ஆல்பன்

ஹோவேரா
15 ஏப்ரல்

ஆல்பன்,

நேற்று டிரைவர் பக்கத்தில் நீயும் உட்கார்ந்து வந்தாய். கொடி ஏறிய மரங்களுக்கு அடியில் நானும் சித்திகளும் அடுப்பு மூட்டியிருந்தோம்.

"எல்லாரும் சரின்னுட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?" என்று அவர் உன்னைக் கேட்டார். யூனிஸ் சித்திதான் பதில் சொன்னாள்: "மெஷின நிறுத்திட்டு எறங்கி வாப்பா. பாக்கு போடு. எங்கள இடிச்சிட்டுத்தான் மரத்த இடிக்கணும், கை செவக்குறதுக்கு முன்னாடி வாய் செவக்கட்டும்."

அவர் பாக்கை வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நீ திரும்பியே பார்க்கவில்லை.

நான் சம்மதித்தேன் என்பது பொய் என்று மாவட்ட அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். மே மாதம் விசாரணை. உன்னைக் கேட்பார்கள். இன்னொரு தரம் அந்தப் பொய்யைச் சொன்னால், டோர்கஸை மட்டும் இங்கே அனுப்பு. நீ வராதே.

மேபல்

போப்பொண்டெட்டா
23 மே

அக்கா,

"அக்கா சம்மதிச்சாங்களா?" என்று விசாரணையில் கேட்டார்கள். "இல்ல" என்றேன். வேலை போயிற்று. சித்தப்பாக்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கம்பெனி இந்த வருடம் வராது. அடுத்த வருடம் கட்டாயம் வரும்.

உன் கொடியைப் பற்றி இன்னும் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் சாலை வேண்டும் என்று நான் சொன்னது பொய் இல்லை. கம்பெனி போடாவிட்டால் அரசாங்கம் போடட்டும். மரத்தடியில் உட்கார்ந்த மாதிரியே மாகாண அலுவலக வாசலிலும் நீ வந்து உட்கார வேண்டும். உனக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.

உன் தம்பி
ஆல்பன்