நட்சத்திரங்கள் தமிழில் பாடிய வியாழக்கிழமை

ஒக்டோபர் 9, வியாழன்

காலையில் வெயில், பின்னேரம் இடி. ஆட்டோவின் பின் டயர் மறுபடியும் பஞ்சர். வாங்க: ட்யூப், சீனி, அக்காவின் முழங்காலுக்குத் தைலம்.

வரலாற்றுச் சிறப்பு மிக்க நாள். என் அக்கா மகள் ரூத் டீவியில்! உக்குவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எங்கள் சபை கேபிள் டீவியில் வியாழன்தோறும் நடத்தும் நேரலை, இந்த மாதத் தலைப்பு ‘விஞ்ஞானமும் விசுவாசமும்’. பாஸ்டர் ஐயா கேட்பார், ரூத் சொல்வாள், நேயர்கள் போன் எடுத்துக் கேள்வி கேட்பார்கள். நேயர்கள் என்றால் நாங்கள்தான். வெளியாள் ஒருத்தரும் எடுப்பதில்லை. அதனால் பாஸ்டர் ஐயா சபையில் நாலைந்து பேருக்குக் கேள்வியைத் துண்டுக் காகிதத்தில் கொடுத்துவிடுவார். “ஒருத்தர் வவுனியான்னு சொல்லுங்க, ஒருத்தர் நுவரெலியான்னு சொல்லுங்க. முழு இலங்கையும் பாக்குற மாதிரி இருக்கட்டும்.”

என் காகிதத்தை ரூத்தே எழுதித் தந்தாள். ‘சாதிக்காய்க்கு எதுக்கு டீச்சர் சிவப்புச் சட்டை?’ அவ்வளவுதான். அவள் கைப்பையில் ஒரு சாதிக்காய், ஒரு சின்னக் கத்தி. பிளந்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலையாக வசவாசி தெரியும்.

“நீங்க கேட்ட ஒடனே இத வெட்டிக் காட்டுவேன் மாமா. அதுல இருந்துதான் எல்லாத்தையும் சொல்லப் போறேன். சொதப்பிறாதீங்க.”

சொதப்புவதா? எல்கடுவையில் என் ஆட்டோவில் ஏறிய சிறுத்தை மாத்தளை ஆஸ்பத்திரியடியில் இறங்கிப் போன கதையை இத்தனை வருடமாக ஒரு சொல் பிசகாமல் சொல்லி வருபவன் நான்.

அதே நாள், திரும்பி வந்த பிறகு

சொதப்பினேன். சொதப்பல் என்ற சொல் போதாது.

டவுனில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி, அதுதான் ஸ்டூடியோ. அவளை இறக்கிவிட்டு எதிரில் என் கூட்டாளி நவாஸின் வாசனைச் சரக்குக் கடைக்குப் போனேன். அங்கே டீவி உண்டு. என் நம்பர் பாஸ்டர் ஐயாவுக்குத் தெரியும், வெளியாள் மாதிரி இருக்கட்டும் என்று நவாஸின் போன். லைன் கிடைத்தது. காகிதத்தைப் பார்த்தேன். சாதிக்காய். மாவட்டத்தின் மாபெரும் வாய்க்கு இத்தனூண்டு கேள்வியா? இருமினேன். தொண்டையிலிருந்து வேறொருவர் இறங்கி வந்தார்.

“நான் பேராசிரியர் கலாநிதி நட்சத்திரநாதன். வானவியல். ஓய்வு பெற்றவன்.”

பாஸ்டர் ஐயா நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த முகத்தை மறக்க முடியாது. அவர் காகிதம் கொடுக்காமல் வந்த முதல் போன் கோல். அது போதாதா எனக்கு? மலையுச்சியில் இயந்திரம் வைத்தோம், நட்சத்திரங்களின் சத்தத்தைப் பதிவு செய்தோம், மெதுவாக ஓடவிட்டால் அல்லேலூயா என்று பாடுகின்றன என்றேன்.

“எந்த பாஷையில ஐயா?”

“தமிழில். சுத்தத் தமிழில்.”

“ஸ்தோத்திரம்! விஞ்ஞானமே சாட்சி சொல்லுது! டீச்சர், என்ன சொல்றீங்க?”

ரூத் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தாள். பிறகு: “ஐயா, அது உண்மை இல்ல. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவுல காத்து இல்ல, சத்தம் வர வழியே இல்ல. நானும் விசுவாசிதான். ஆனா இல்லாத ஒண்ண சொல்லி கடவுளுக்கு முட்டுக் குடுக்கத் தேவையில்லைங்க.”

பாஸ்டர் ஐயாவின் முகம் விழுந்தது. நேரம் முடிந்தது. பாட்டு. சாதிக்காய் மேசையில் வெட்டாமலே.

நவாஸ் போனைப் பிடுங்கினான். “ஒனக்கு பைத்தியமா மச்சான்?”

திரும்பும் வழியில் “யாரோ லூசுப் பய போன் எடுத்திருக்கான் போல” என்று நானே சொன்னேன். சொல்ல வாய் வந்ததே!

“ம்” என்றாள். இறங்கும்போது சாதிக்காயை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒக்டோபர் 11, சனி

மழை. சாதிக்காய் ஆட்டோவில் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. எறியக் கை வரவில்லை.

அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. ஸ்டாண்டிலிருந்து ஏறிய அம்மா ஒருத்தி, பின்னாலிருந்து எனக்கே உபதேசம்:

“தம்பிக்கு தெரியுமா, அமெரிக்காவுல பெரிய மிஷின் வச்சு கேட்டாங்களாம். நட்சத்திரம் பாடுதாம். மூணு விஞ்ஞானி அங்கேயே முட்டி போட்டுட்டாங்களாம். ஒருத்தரு செத்தே போயிட்டாராம்!”

“யாரும்மா சொன்னது?”

“டீவியில பெரிய புரொபெசரு சொன்னாரு. ஒரு டீச்சர் பொண்ணு அவருகிட்டயே மல்லுக்கு நிக்குது. திமிரு.”

அமெரிக்காவை நான் சொல்லவில்லை. சாவை நான் சொல்லவே இல்லை. கற்பனையில் என்னை வெல்ல ஆளில்லை என்று மார்தட்டியவன், சொந்தப் பொய் என்னைத் தாண்டி ஓடுவதை பிரேக்கில் கால் வைத்தபடி பார்த்தேன்.

நவாஸ் சிரித்துச் சிரித்து: “எங்கட வாட்ஸப் குரூப்லயும் வந்தீக்கி. அதுல நட்சத்திரம் வேற என்னமோ ஓதுது. கோயில் ஆளுங்க குரூப்ல ஓம் செல்லுதாம். ஒன்ட நட்சத்திரத்துக்கு எல்லா பாஷையும் தெரியும் மச்சான்.” பிறகு சிரிப்பை நிறுத்தினான். “புள்ளைக்கு செல்லிட்டியா?”

இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில், சபை மூப்பர் ரூத்திடம்:

“பேராசிரியரே சொல்றத நீ இல்லைன்னு சொல்ற. புள்ளைகளுக்கு என்னத்த சொல்லிக் குடுக்கிறியோன்னு பெத்தவங்க பயப்படுறாங்கம்மா. ஞாயிறு வகுப்ப கொஞ்ச நாளைக்கு வேற ஆளு பாக்கட்டும்.”

ரூத் சரி என்றாள். அவ்வளவுதான். அந்த வகுப்பு அவளுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். எல்கடுவை தோட்ட லயங்களிலிருந்து பிள்ளைகள் நடந்து வரும் வகுப்பு. வண்ணத்துப்பூச்சி முட்டையை இலையோடு கொண்டு வந்து காட்டி, அதற்குப் பிறகுதான் ஜெபம் பண்ணவிடுவாள். சாக்பீஸ் பெட்டியை மூப்பரிடம் நீட்டினாள். பக்கத்தில் நான். பேராசிரியர் கலாநிதி செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். செருப்பு காலிலேயே இருந்தது.

அக்கா சோறு போடும்போது: “அந்த புரொபெசரு மட்டும் என் கையில கெடைக்கணும்.”

சாப்பிட முடியவில்லை. கோழிக்கறி வேறு.

ஒக்டோபர் 14, செவ்வாய்

தைலம் வாங்கியாயிற்று. டயர் சரி.

பள்ளிக்கூடம் விட்டதும் ரூத்தை ஏற்றினேன். பாலத்தடியில் ஆட்டோவை நிறுத்தினேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திரும்பத் தைரியம் இல்லை.

“தெரியும் மாமா.”

“எப்பருந்து?”

“நீங்க இருமினப்பவே. பொய் சொல்ல முந்தி ரெண்டு தடவ இருமுவீங்க. சின்ன வயசுலருந்து கேக்குறேன்.”

“அப்ப ஏன்டி அங்கேயே சொல்லல?”

“டீவியிலயா? எங்க மாமான்னா? நீங்க அப்புறம் ஸ்டாண்டுல எப்பிடி நிப்பீங்க?”

ஓர் இரைச்சலான லொறி போனது. நல்ல வேளை.

“நான் அன்னைக்கு ஒங்க கேள்விய எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றாள். அதட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். ஐந்தடி பத்து அங்குலத்தில் இருந்த நான் தீப்பெட்டிக்குள் போட்டு மூடுகிற அளவுக்கு ஆனேன். இது மிகைப்படுத்தல் இல்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

இந்த வாரம் ரூத்தைக் கூப்பிடவில்லை. பாஸ்டர் ஐயா தனியாக உட்கார்ந்து அந்த வீடியோவையே போட்டுக் காட்டினார். நான் நவாஸ் கடையிலிருந்து போன் எடுத்தேன். நேரே போய்ச் சொல்லப் பயம், முகம் தெரியாமல் உண்மை சொல்லலாம் என்ற கோழை ஏற்பாடு.

“நேயர்களே, மறுபடியும் பேராசிரியர் ஐயா!”

“நான் பேராசிரியர் இல்லைங்க, அன்னைக்கு சொன்னது...”

பாட்டு போட்டுவிட்டார்கள். டாம்பரின் அடித்து முழுப்பாட்டு.

நவாஸ்: “முகத்த காட்டு மச்சான். வேற வழியில்ல.”

ஒக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு முதல் நாள். பட்டாசுச் சத்தம். தடிமன், மூக்கொழுகல். தொண்டை அரிப்பு.

சாட்சி நேரம். எங்கள் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் செய்ததைச் சொல்லலாம். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. சிறுத்தைக் கதையைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை. எழுந்தேன். இருமல் வந்தது, விழுங்கினேன்.

“அந்தப் பேராசிரியர் நான்தான். நவாஸ் கடை போன்ல இருந்து பேசினேன். எல்லாம் பொய். ரூத் சொன்னதுதான் சரி.”

முதலில் ஒருவன் களுக் என்றான். பிறகு மொத்த சபையும் சிரித்தது. “சிறுத்த எங்கண்ணே, போன் எடுத்துக் குடுத்துச்சா?” மூப்பர் கண்ணைத் துடைத்தபடி என் தோளைத் தட்டினார். “மருமகளுக்காக பழிய தன் தலையில போட்டுக்கிறான். நல்ல மனுசன்யா.”

நல்ல மனுசனாம்! வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையை நம்ப ஒரு குருவியும் இல்லை. அக்காகூடச் சிரித்தாள். ரூத் மட்டும் குனிந்து இருந்தாள், காது சிவந்து. உட்கார்ந்துவிடலாம் என்று பெஞ்சைப் பிடித்தேன். உட்கார்ந்தால் நல்ல மனுசன். நின்றால்?

நின்றேன். இரண்டு தடவை இருமினேன். அந்தக் குரலை எடுத்தேன்.

“நான் பேராசிரியர் கலாநிதி நட்சத்திரநாதன். வானவியல். ஓய்வு பெற்றவன். தமிழில். சுத்தத் தமிழில்.”

சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. நான் பேசி முடித்து ஒருவரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்த பார்வை... கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் வெளியாள் ஒருத்தர் நம் நிகழ்ச்சியைப் பார்த்து போன் எடுத்தார் என்று நம்பியிருந்த மனுசன்.

மைக்கை வைத்துவிட்டுச் சொன்னார்: “கேள்விய எழுதிக் குடுத்து, ஊர மாத்தி சொல்லச் சொன்னவன் நான். அங்க இருந்துதான் ஆரம்பிச்சது. டீச்சர், வகுப்ப நீங்களே எடுங்க. வியாழக்கிழம வாங்க.”

வாசலில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ரூத் சாக்பீஸ் பெட்டியை வாங்கப் போய்விட்டாள். மழையில் ஆட்டோவைத் துடைத்தேன். மழையில் துடைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் 23, வியாழன்

மூட்டம். சவாரி குறைவு. ஸ்டாண்டில் என் பெயர் இனிமேல் ‘புரொபெசர்’. சங்கிலி போட்ட நாய் மாதிரி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

பல்லேபொலவுக்குப் போய் நவாஸ் தோட்டத்தில் புதுச் சாதிக்காய் பறித்து வந்தேன். பழையது கறுத்துச் சுருங்கிவிட்டது. ஸ்டூடியோ வாசலில் ரூத்திடம் கொடுத்தேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.

நவாஸ் கடைக்குப் போய் டீவி முன்னால் நின்றேன். முதலில் பாஸ்டர் ஐயா நட்சத்திர விஷயம் பொய் என்று நேரலையில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு நம்பர் திரையில் வந்தது. ஒருவரும் போன் எடுக்கவில்லை. காகிதம் கொடுப்பதை அவர் நிறுத்திவிட்டார். ரூத் மேசையில் கை வைத்துக் காத்திருந்தாள். நேரம் போனது.

என் சொந்தப் போனை எடுத்தேன். நம்பர் இரண்டு தடவை தப்பியது.

“வணக்கம். பேரு, ஊரு?”

“தாவீது. உக்குவளை ஆட்டோ ஸ்டாண்ட்.”

அங்கே கமராக்காரப் பையன் சிரித்தது இங்கே கேட்டது. பாஸ்டர் ஐயா பாட்டுப் போடுவார் என்று நினைத்தேன்.

“கேளுங்க” என்றார்.

காகிதம் சட்டைப் பையில், வியர்வையில் நனைந்து. அது தேவைப்படவில்லை.

“சாதிக்காய்க்கு எதுக்கு டீச்சர் சிவப்புச் சட்டை?”

ரூத் கமராவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கத்தியை எடுத்தாள்.