கரையைவிட்டு இறங்காதவருக்கு

அண்ணாச்சி, இன்று காலை ஓர் ஏரிக்கரையில் பாசி காய்கிற வாடை மூக்கில் ஏறியது. நம் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது வருமே, அதே வாடை. நான் இருப்பதோ அயர்லாந்தில். மகள் இங்கே வேலை பார்க்கிறாள். ஏரியை ஒட்டியே நாள்கணக்காக நடக்கிற பாதை ஒன்று இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தாள். முழுக்க நடக்க என் முழங்கால் இடம் கொடுக்காது. தினமும் கொஞ்சதூரம் போகிறோம்.

வழி தவறாமலிருக்கக் கம்பத்தில் மஞ்சள் பெயிண்டில் நடக்கிற ஆள் படம் போட்டிருக்கிறார்கள். ஆடு மேய்கிற புல்வெளிகளுக்குள் ஏறி இறங்க வேலியில் மரப்படி வைத்திருக்கிறார்கள். ஆடுகளின் முதுகில் அடையாளத்துக்கு நீலச்சாயம். எதிரே வருகிறவர்கள் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்களுக்கு ஏற்ற ஊர்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதானே நாம் குளக்கரை குளக்கரையாக நடந்தோம். சங்கரன்கோவிலில் உங்கள் உரக்கடைக்கு அடுத்தது என் சைக்கிள் கடை. எண்பதுகளின் தொடக்கம் அது. உங்கள் ஒரே மகள் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு, வாசுதேவநல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு குளத்தடியில் குடியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டவர் நீங்கள். ஒரு கார்த்திகை மாதம் என் கடைக்கு வந்து, "அவளை ஒரு பார்வை பாக்கணும் வே" என்றீர்கள்.

"நல்ல காரியம். பஸ் ஏறுவோம், அண்ணாச்சி."

"பஸ் ஸ்டாண்டுல நாலுபேரு எங்கன போறீருன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல? கரையோட போவோம்."

"வரும்போது?"

"வரும்போது பஸ்ஸுதான். போறவன்ட்டதான் கேப்பான், வாரவன்ட்ட எவன் கேக்கான்?"

சைக்கிளில் போகலாமென்றால் கரையெல்லாம் உடைமுள், டயர் தாங்காது. சைக்கிள் கடைக்காரனை நடக்கவைத்த புண்ணியவான் நீங்கள். விடியுமுன் கிளம்பினோம். ஒரு குளத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையைப் பிடித்து மேலே போனால் அடுத்த குளம் வரும் என்பது உங்கள் கணக்கு. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு கரை மாறிக் கரை மாறி நடந்தோம். அன்று நீங்கள் பேசிய பேச்செல்லாம் அவள் குழந்தையாக இருந்தபோது செய்த சேட்டைகள்தான். இப்படிச் சிரிக்கிற மனுஷன் வீட்டில் ஏன் அப்படி விறைத்துக்கொண்டு இருந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசிக் குளத்தின் கரையிலிருந்து அவள் வீடு தெரிந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"இறங்குங்க அண்ணாச்சி. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"நீரு மட்டும் போயிட்டு வாரும். நான் வந்ததைச் சொல்லாதேயும்."

போனேன். தண்ணீர் கொடுத்தாள். கரையைப் பார்த்தவள், "அங்கன நிக்கது யாரு சித்தப்பா?" என்று கேட்டாள்.

"யாரோ ஆடு மேய்க்க ஆளு, மக்கா."

சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆடு இல்லை. அவள் உள்ளே போய், ஒரு செம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். "வெயிலு கொளுத்துதுல்லா. அந்த ஆளுக்குக் குடுத்துருங்க."

நீங்கள் செம்பை வாங்கிக்கொண்டு கரையின் தண்ணீர்ப் பக்கச் சரிவில், வீட்டுப் பார்வைக்கு மறைவாக உட்கார்ந்தீர்கள். ஒரே மூச்சில் குடித்தீர்கள். செம்பைக் குளத்தில் அலசிவிட்டு வெகுநேரம் மடியில் வைத்திருந்தீர்கள். இதோ எழுந்துவிடுவார், தானே கொண்டுபோய்க் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினீர்கள். "அடுத்த தடவை பாப்போம் வே."

அடுத்த தடவைக்கு நெஞ்சுவலி இடம் வைக்கவில்லை. அந்தப் பங்குனியிலேயே போய்விட்டீர்கள்.

என் மகள் இந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இப்போது அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஒவ்வொரு வேளையும் உங்கள் நினைப்பு வருகிறது. எத்தனை கடல் தாண்டி நான் வந்துவிட்டேன். உங்களுக்கு ஒரு கரைச்சரிவு பெரிதாகிவிட்டதே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

உங்களை எடுத்த அன்று உங்கள் மகள் வந்திருந்தாள். யாரும் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு தெருமுனையில் என்னை நிறுத்தினாள்.

"சித்தப்பா, அன்னைக்கு வெறுஞ்செம்பைக் கொண்டு வந்தீகளே. அப்பா குடிச்சாகளா, கீழ ஊத்திட்டாகளா?"

"குடிச்சாரு மக்கா. ஒரு சொட்டு விடலை."

நான் சொன்னது சத்தியம். ஆனால் ஆடு மேய்க்கிறவன் என்று முன்னே ஒரு பொய் சொன்ன வாய் இது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்புவதற்கு அவள் பட்ட பாட்டை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தை மனசில் சுமந்துகொண்டுதான் இங்கேயும் நடக்கிறேன், அண்ணாச்சி. நீங்கள் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.