சந்தேகமெல்லாம் கதவின் மேல்தான்

அன்பு மகனே,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீ வாங்கி மாட்டிவிட்டுப் போன பாத்திரம் கழுவும் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே போன் போடு. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு அம்மா என்று கேட்பாய். உங்கப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பேசவே விடுகிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால் அவர் மத்தியானம் கண் அசந்திருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து மெக்கானிக்கை அனுப்பி வைக்கிறேன் என்றாயே, அனுப்பாதே. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று நீயே யோசித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தையெல்லாம் அடுக்கி, சோப்பு மாத்திரையைப் போட்டு, கதவைச் சாத்தி பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிகிறது, கீச் கீச்சென்று இரண்டு தடவை கத்துகிறது, அவ்வளவுதான், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நான் புலம்பின புலம்பலில் அப்பா ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றார். இதில் என்ன அதிசயம் என்று நினைக்காதே, நீ ஊருக்குக் கிளம்பினதிலிருந்து அவர் அந்த மெஷின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. நம் வீட்டில் சமையல் என்னுடையது, பாத்திரம் அவருடையது, கல்யாணமான முதல் வாரத்திலேயே பிரித்துக்கொண்டது. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகு மூன்று கண்ணாடி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி உடைந்தது, நாலாவது உடைவதற்குள் நானே போய்ப் பாத்திரத் தொட்டி முன்னால் நின்றுகொண்டேன். நீ வந்தபோது என் முழங்கால் வீக்கத்தைப் பார்த்துப் பதறிப்போய் மெஷினை வாங்கினாய். என் முழங்கால் உன்னை வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் கம்பெனியில் வேலை போன மாதிரியே வீட்டிலும் அவர் வேலைக்கு இன்னொரு ஆளைக் கொண்டுவந்து வைத்துவிட்டோமே, அதை நீயும் யோசிக்கவில்லை நானும் யோசிக்கவில்லை. அப்புறம் அந்தக் கை மடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் கைக்கு வேலை கொடுங்கள் கொடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறார், கையும் ரிட்டையர் ஆயிடுச்சு டாக்டர் என்று இவர் பதில் சொல்லிவிட்டு வருகிறார். பிசைவதற்குக் கொடுத்த பஞ்சுப் பந்தை ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார், பந்துக்காவது ஒரு வேலை கிடைத்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாரா, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மேஜை விளக்கை மாட்டிப் பார்த்தார், எரிந்தது, அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது என்றார். தொட்டிக்கு அடியில் குனிந்து குழாய் திறந்துதான் இருக்கிறது என்றார். மெஷினை மெதுவாக முன்னால் இழுத்து, பின்னால் தண்ணீர் வருகிற ரப்பர் டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார், அதுவும் சரியாக இருந்தது. அப்புறம் ஆரம்பித்ததுதான் கதவு. லிஃப்டோ இதுவோ, கதவு முழுசா மூடலைன்னா எதுவும் நகராது, இது கதவுக் கோளாறுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முழுக்கக் கதவைத் திறப்பதும் மூடுவதும் காதை வைத்து அந்த டக் சத்தத்தைக் கேட்பதுமாகவே போனது, மேல்மாடித் தையல்காரம்மா இறங்கி வந்து யாராவது குடிவருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை பரணிலிருந்து டூல்ஸ் பெட்டி இறங்கியது. பிளக்கைத் தன் கண்ணில் படுகிற மாதிரி மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு, தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்து, கதவின் உள்தகட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தேன், கழற்றின ஸ்குரூவை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் ஒவ்வொரு குழியாக வைத்தேன்.

அன்றைக்கு அவர் டீ குடிக்க எழுந்துபோன இடைவெளியில்தான் மெஷினோடு வந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். பதினாலாம் பக்கத்தில் ஒரு சாவிப் படம். குழந்தைகள் விளையாட்டாகத் தொட்டு ஓடவிடாமல் இருக்க ஒரு பூட்டு இருக்கிறதாம், ஒரு பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளுமாம், திரும்ப மூன்று விநாடி அழுத்தினால் திறந்துகொள்ளுமாம். பூட்டியிருந்தால் சாவி விளக்கு எரியும் என்று போட்டிருந்தது. ஞாயிறு காலையில் அந்தப் பட்டன் மேல் ஒரு காப்பிக் கறையை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தது யார், உன்னைப் பெற்றவள்தான். நான் துடைத்தால் எப்படித் துடைப்பேன் என்று உனக்குத் தெரியும். கறை போயிற்று, மெஷின் பூட்டிக்கொண்டது. இவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் புத்தகமும் கையுமாக நின்றேன். வந்து உட்கார்ந்தவர் அதுவரை இடது கையில் வைத்திருந்த திருப்புளியை, ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே வலது கைக்கு மாற்றினார். மாற்றினது அவருக்கே தெரியவில்லை. கை நடுங்கிக்கொண்டே திருப்புகிறது, வழுக்குகிறது, திரும்பப் பொருத்துகிறது. நான் புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இதைப் பொய் என்பாயோ என்னவோ, எனக்கு அப்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், மெக்கானிக் வந்தால் அரை நிமிடத்தில் சாவியைப் பார்த்துவிட்டு ஒரு விரலால் அழுத்திவிட்டுப் போய்விடுவான், இவர் திரும்பவும் நாற்காலிக்குப் போய்விடுவார். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை, உன் தங்கை பெண்ணுக்கு முன்பல் விழுந்து பேசும்போது விசில் வருகிறது, அதைக் கேட்கவே நான் தினம் போன் போடுகிறேன். நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாம், மருமகள் சொன்னாள், ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஆபீஸ் ஓடிப்போய்விடாது. அப்பா இருமுகிற சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார், மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்றைக்கு என் சாமர்த்தியம் சந்தி சிரித்துவிட்டது. காலையில் கதவின் உள்தகட்டைத் திரும்பப் பொருத்தி, முட்டை அட்டை காலியாகும்வரை ஒவ்வொரு ஸ்குரூவாக மாட்டி, மெஷினை உள்ளே தள்ளி, சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு என்னைக் கூப்பிட்டார், வந்து நீயே போடு என்று. இது நான் யோசிக்காத கட்டம். அழுத்தினேன், கீச் கீச். அவர் மறுபடி அழுத்தினார், கீச் கீச். அப்படியே போர்வை மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் எத்தனை லிஃப்டை ஓட வச்சேன், இந்த ஒரு கதவு எனக்குப் பிடிபடலை, கை மட்டும் போகலை, மூளையும் போயிடுச்சு, விடு, அவனையே ஆளை அனுப்பச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு அந்த வலது கையை எடுத்துக் கைலி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். நல்லது செய்கிறேன் என்று நான் கட்டின கட்டு அவர் கழுத்தையே இறுக்குகிறதே என்று பயந்துபோய், புத்தகத்தை எடுத்துவந்து பதினாலாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கறை துடைத்ததிலிருந்து.

முழுப் பக்கத்தையும் படித்தார். என்னிக்குத் தெரியும் என்றார், செவ்வாய்க்கிழமை என்றேன். அப்போ புதன் வியாழன் எல்லாம் தெரிஞ்சேதான் டார்ச் பிடிச்சியா என்றார், ஆமாம் என்றேன், உங்க கை வேலை செஞ்சதைப் பார்த்துக்கிட்டிருந்தேன் என்றேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து மெஷின் முன்னால் நின்று வலது கை ஆள்காட்டி விரலைப் பட்டன் மேல் வைத்தார். இடது கையால் அழுத்தியிருக்கலாம், அழுத்தவில்லை. மூன்று விநாடி என்பது உனக்கும் எனக்கும் ஒரு கொட்டாவி நேரம். ஒன்று எண்ணுவதற்குள் விரல் வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை இரண்டு வரை நின்றது. நான் கையை நீட்டினேன், தொடாதே என்று ஒரு அதட்டல், ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன் அந்த அதட்டலை. மூன்றாம் தடவை தோளிலிருந்து முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்தான் வாய்விட்டு எண்ணினேன். சாவி விளக்கு அணைந்தது, அதே விரலால் ஓட்டுகிற பட்டனையும் அழுத்தினார். உள்ளே ஒரு பாத்திரமும் இல்லை, சோப்பும் இல்லை, வெறும் மெஷின் ஓடுகிறது, நாங்கள் இரண்டு பேரும் அது முடிகிறவரை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். இனிமேல் அடுக்குவது நான்தான், நீ தட்டைத் தலைகீழாக வைக்கிறாய் என்று இப்போதே சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார், பேசட்டும்.

நீயும் மருமகளும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் பேச்சுத்துணையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று ஞாபகம் வை. இந்தக் கடிதத்தை எடுத்ததும் கவரைக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பாய், போய் எடு. அதன் மேல் உன் விலாசத்தை எழுதியது நான் இல்லை. எழுத்து கோணல்மாணலாக, வரி மேலே ஏறிக்கொண்டு போகும், எழுதி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தபால்காரருக்குப் புரியுமா என்று என்னை நாலு தடவை கேட்டார். புரிந்ததா இல்லையா என்று அவரிடமே சொல், ஸ்பீக்கரில்.

இப்படிக்கு,
உன் அம்மா