மூன்று வயசுக்காரர்கள்

ஜூன் 3, திங்கள்

வகுப்பறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வகுப்பை நடத்தும் தொண்டு நிறுவன ஆபீசிலிருந்து சார் போன் செய்தார். நம் பாலர் வகுப்புக்கு வரும் உதவிப்பணம் பாதியாகிவிட்டதாம். அடுத்த வாரத்திலிருந்து நாலு வயசு முடிந்தவர்கள் மட்டும் போதுமாம்.

“மூணு வயசுக்காரங்க?”

“வீட்ல இருக்கட்டும் டீச்சர். சின்னப் பிள்ளைங்கதானே.”

எந்த வீடு? சண்டைக்குத் தப்பி வந்தவர்களைப் பழைய கிடங்கில் பலகையால் தடுத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். இவர் அதற்குள் என்றைக்காவது தலையை நீட்டிப் பார்த்திருக்கிறாரா?

ஜூன் 10, திங்கள்

வாசலில் நின்று மூணு வயசுக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன். வேறு யாருமில்லை, நானேதான்.

‘வாலு’ என்று நாங்கள் கூப்பிடும் பொடியன், “எனக்கு நாலு வயசு” என்று ஐந்து விரலையும் காட்டினான். சிரிப்பு வரவில்லை. அவன் அக்காவுக்கு ஐந்து வயசு. அவள் பேசுகிற பேச்சுக்கு ‘பெரிய மனுஷி’ என்று பேர் வைத்திருக்கிறோம். அவளை உள்ளே வா என்றேன்.

“தம்பிய யாரு பாத்துப்பா?” என்றாள். அம்மா விடியும் முன்பே பழம் அடைக்கும் கம்பெனிக்குப் போய்விடுகிறாள். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவளைப் போலவே இன்னும் எத்தனை அக்காக்கள்!

ஜூன் 12

பாதிப் பாய் காலி. ஆள் இல்லாத பாயைப் பார்த்து ‘வணக்கம்’ பாட்டுப் பாடினேன். எரிச்சலாக வந்தது.

ஜூன் 21, வெள்ளி

சார் வந்தார். பாய்களைப் பார்த்தார். “வரத்து குறைஞ்சிருக்கே டீச்சர். இங்க தேவை இல்லையோன்னு தோணுது.”

அட கடவுளே!

“தம்பிய வெளிய அனுப்பினா அக்காவும்தான் போவா சார். நீங்க சொல்லித்தானே அனுப்பினேன்?”

“அதெல்லாம் மேலிடத்துக்குச் சொன்னா புரியாது.”

மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். இவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். சம்பளம் இல்லாமலாவது நடத்தட்டுமா என்று கேட்டேன். “இதையே கட்டிக்கிட்டு அழு. உன்னை என்ன நேர்ந்தா விட்டிருக்கு?” என்றார். கோபம் இவர்மேல் இல்லை. ஆனாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 24

பெரிய மனுஷி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். உடம்பே ஒரு பக்கம் சாய்ந்துபோயிருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

வாலுவின் கையில் சுடுபால் கொட்டிவிட்டது. அக்கா தானே அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள், தம்பிக்குப் பசி என்று. ஐந்து வயசு!

நல்லவேளை, கை மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தோம். கம்பெனியிலிருந்து ஓடி வந்த அம்மா பெரிய மனுஷியை நாலு அடி அடித்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆபீசுக்குப் போன் போட்டேன். “ரொம்ப வருத்தமா இருக்கு டீச்சர்.”

வருத்தம்! அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கணும். “சரி சார்”னு வச்சுட்டேன். எதுக்குத்தான் எனக்கு வாய்?

ஜூலை 1, திங்கள்

எங்கள் கதவுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. ஆனால் இன்று கம்பெனி வேலையும் நின்றது.

வாலுவின் அம்மா நேற்றே தடுப்பு தடுப்பாகப் போய்ப் பேசியிருக்கிறாள். காலையில் அத்தனை தாய்மாரும் பிள்ளைகளோடு கம்பெனி வாசலில். என்னையும் இழுத்துப் போனார்கள்.

மேனேஜர் கத்தினார், “இது கம்பெனியா, தொட்டில் கட்டுற இடமா?”

“பிள்ளைங்கள விட ஒரு இடம் குடுங்க, இப்பவே உள்ள வரோம்” என்றாள் அவள். குரலே உயரவில்லை. “டீச்சர நாங்களே கூட்டிட்டு வந்திருக்கோம். இல்லைன்னா பழத்த நீங்களே அடைச்சுக்குங்க. வெயில் ஏறுது.”

லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். உள்ளே போய் முதலாளிக்குப் போன் செய்தார்.

இத்தனை நாளும் நான் ஆபீஸ் கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

கம்பெனியின் பழைய சாப்பாட்டு அறைதான் இப்போது எங்கள் வகுப்பு. ஒரே புழுக்கம். ஜன்னல் கேட்டால் “பாக்கலாம்” என்கிறார் மேனேஜர். எனக்குப் பாதிச் சம்பளம். அதற்கே முகத்தைச் சுளிக்கிறார். பக்கத்தில் மெஷின் ஓடுவதால் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கு ஜன்னலுக்காக மறுபடி மல்லுக்கட்ட வேண்டும்.

மூணு வயசுக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்காக்களும்.

மதியம் சாரிடமிருந்து போன். “கேள்விப்பட்டேன் டீச்சர்! பிரமாதம். இதை நம்ம ஆபீஸோட வெற்றியா ரிப்போர்ட்ல போடலாம்னு இருக்கோம். ஒரு போட்டோ அனுப்புங்களேன்.”

“மெஷின் சத்தம் சார், ஒண்ணுமே கேக்கல” என்று வைத்துவிட்டேன்.

நன்றாகவே கேட்டது.