காபிச் சரிவில் விட்ட பாம்பு

டிசம்பர் 9, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தபோது தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு பாம்பு சுருண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. என் அலறலைக் கேட்டு, எஸ்டேட் வேலை முடிந்து வந்த செல்வி அக்கா தடியோடு ஓடி வந்தார்.

"தள்ளிக்கோ கண்ணு, ஒரே போடு."

"வேண்டாங்க அக்கா. எங்க ஊட்ல எதையும் கொல்ல மாட்டோமுங்க."

"நீங்க புத்தரைக் கும்பிடறீங்க, சரி. அந்தப் பாம்பும் கும்பிடுதா?"

அவர் தடியை இறக்கவில்லை. அது என்ன பாம்பென்று எனக்குத் தெரியாது. இருந்தும், "மலைப்பாம்புக் குட்டிங்க, விஷமில்லீங்க. படிச்சிருக்கேன்" என்றேன். அக்கா நம்பிவிட்டார். அவர் தடியால் தள்ளியதும் அது கீழே காபிச் செடிகளுக்குள் போனது. அக்காவும் அந்தச் சரிவு வழியாகத்தான் வீட்டுக்கு இறங்கினார். நாளை அங்கேதான் பழம் பறிப்பார்.

பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைப் புள்ளிகள். கண்ணாடி விரியன்.

மாலையில் அப்பாவும் அம்மாவும் வந்ததும் புத்தர் படத்தின் முன் விளக்கேற்றி, வழக்கம்போல் மூவரும் பஞ்சசீலம் சொன்னோம். பொய் சொல்ல மாட்டேன் என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அக்கா போன் எடுக்காததால் டார்ச்சோடு அந்தச் சரிவில் இறங்கினார். வெறும் செருப்புதான் போட்டிருந்தார். அரை மணி நேரம் ஆகிவிட்டது. அப்பாவின் போன் இங்கே மேசைமேல் இருக்கிறது. அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. நானும் போய்க் கூப்பிடுகிறேன்.